காலைக் கள்

சீர்திருத்தம் பேசும் பத்திரிகையின் இலக்கியப் பகுதியில் கள்ளைப் பற்றி நல்ல வார்த்தை எழுத ஒருவன் துணிவானாயின், வாசகர்களில் பாதிப்பேர் முகம் சுளிப்பார்கள் என்பதை நான் அறியாதவனல்லன். முகம் சுளிக்க அவர்களுக்குப் பூரண உரிமை உண்டு. நம்மவர்க்குள் சீர்திருத்தம் என்ற சொல் வழங்கத் தொடங்கிய நாள்முதலாக, சாதி ஒழிப்புக்கு அடுத்தபடியாக மேடைகளில் அதிகம் பேசப்பட்டது கள்ளுக்கடை ஒழிப்பே. ஆகையால் நான் சொல்வதை முற்றும் கேட்ட பிறகு தீர்ப்புக் கூறும்படி வேண்டிக்கொள்கிறேன். கள்ளுக்கு வக்கீலாக நான் வரவில்லை. அறுபது வயதுக்குமேல் நான் புதிதாகக் கண்டு மகிழ்ந்த ஒரு பானத்தைப் பற்றியும், என் பெற்றோர் காலத்தில் எங்கள் ஜனங்கள் அதை அவ்வாறு கண்டு மகிழ முடியாமற்போனது ஏன் என்பதைப் பற்றியும் சில வார்த்தை எழுத விரும்புகிறேன்.

வேடிக்கை யாதெனில், இந்தக் கள்ளினிடம் என்னைக் கொண்டுபோய் விட்டது ஒரு பீர்ப் புட்டி.

ஜொகூர் மாநிலத்தில், சிகாமட் மாவட்டத்தில், லாபிசுக்கும் பாலோவுக்கும் நடுவே ரயில் பாதையின் ஓரமாக இருக்கிற சிற்றூர் பெக்கோக். ஒரு கடைத்தெரு, சீனர் கோப்பிக்கடைகள், ஒரு ரயில் நிலையம், அதைச் சுற்றி ரப்பரும் செம்பனையுமாக நீளும் தோட்டங்கள், அவற்றுக்கு அப்பால் எண்டாவ் ரொம்பின் பெருங்காடு. சுங்கை பந்தாங் அருவியைப் பார்க்க வருகிறவர்களைத் தவிர, வெளியூரார் இங்கே இறங்குவதற்குக் காரணம் அதிகம் இல்லை. இளைஞர்களோ சிங்கப்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் போய்விட்டார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவன் என் தங்கை மகன். சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தவன், துணியில் பத்திரமாகச் சுற்றி இரண்டு புட்டிகளைக் கொண்டுவந்தான். பெரிய ஆலைகளில் ஆயிரக்கணக்கான பீப்பாய்களாகக் காய்ச்சப்படும் பீர் அல்லவாம் அது. ஒரு சிறு பட்டறையில், சிறு அளவில், கையால் கவனித்துச் செய்யப்பட்டதாம். ரசாயன உரம் போடாத நிலத்தில் விளைந்த பார்லியாம். அதன் விலையைக் கேட்டபோது, என் தாயார் பால் வெட்டிய நாட்களில் வாங்கிய ஒரு வாரக் கூலிக்கு மேலே இருந்தது.

விலையை மறந்துவிட்டுச் சொன்னால், பானம் நன்றாகவே இருந்தது. கலங்கலான பொன்னிறம். மூக்கருகே கொண்டுபோனால் நாரத்தைத் தோலைக் கிள்ளியதுபோன்ற வாசனை. நாவில் முதலில் தானியத்தின் இனிப்பு, பிறகு ஒரு கசப்பு. அந்தக் கசப்பு மருந்துக் கசப்பு அன்று; சுண்டைக்காய் வற்றலில் இருக்கிறதே, அடுத்த கவளத்தை அழைக்கிற கசப்பு, அந்த இனத்தைச் சேர்ந்தது. மருமகன் புட்டியின் மேலொட்டிய சீட்டை எனக்குப் படித்துக் காட்டினான். "பாருங்கள் மாமா, இதை வடிகட்டவில்லை. ஈஸ்ட் இதில் உயிரோடு இருக்கிறது. ஒரு ரசாயனமும் கலக்கவில்லை. புதிதாக இருக்கும்போதே குடித்துவிட வேண்டும்" என்றான்.

தாழ்வாரத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் தாயார் தலையை நிமிர்த்தாமலே, "அப்படியென்றால் இது கள்ளுத்தானே? இதற்கு எதற்குடா இவ்வளவு பேச்சு?" என்றார்.

மருமகன் சிரித்துவிட்டான். எனக்கோ அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. ஏனெனில் கள் என்ற சொல்லை என் தாயார் வெறுப்பில்லாமல் உச்சரித்து நான் கேட்டது அதுவே முதல் தடவை. அதுவுமன்றி, அவர் சொன்னதை யோசித்துப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்துச் சரியாகவே இருந்தது.

பீர் செய்வது எளிய காரியமன்று. பார்லி தானியத்தில் உள்ளது மாவுச்சத்து. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் மாவை உண்ணாது, சர்க்கரையைத்தான் உண்ணும். ஆகவே தானியத்தை நனைத்து முளைக்கவிட்டு, முளை கண்டதும் சூட்டில் உலர்த்தி, நொறுக்கி, வெந்நீரில் ஊறவைக்கிறார்கள். அப்போது மாவு சர்க்கரையாக மாறுகிறது. அந்தச் சாற்றை வடித்து, குளிர்நாடுகளில் விளையும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டுக் காய்ச்சி, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்து, நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் காத்திருக்க வேண்டும். 1516ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பவேரியா நாட்டில் ஒரு சட்டம் செய்தார்கள்: பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் என்ற மூன்றைத் தவிர வேறொன்றும் சேரக்கூடாது என்று. ஈஸ்டின் பெயர் அந்தச் சட்டத்தில் இல்லை. அது இன்னதென்று அக்காலத்தில் யாருக்கும் தெரியாது. பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டில் அதை ஆராய்ந்து விளக்கி, 1876இல் பீரைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

கள்ளுக்கோ மூன்று பொருள்கள்கூட வேண்டியதில்லை. தென்னம்பாளையில் வடியும் சாற்றில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து பங்கு சர்க்கரை மரத்தாலேயே சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. முளைகட்ட வேண்டாம், காய்ச்ச வேண்டாம், பூப்போட வேண்டாம். சொட்டுகிற சாறு கலயத்தில் விழுந்த கணத்திலேயே, நேற்றைய கலயத்தின் அடியில் ஒட்டியிருந்த வண்டலிலும், காற்றிலும், மொய்க்கிற தேனீயின் காலிலும் உள்ள நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. சில மணி நேரத்தில் நூற்றுக்கு நாலைந்து பங்கு சாராயச் சத்து ஏறிவிடும். அதாவது சாதாரண பீரின் பலம். ஒரு நாள் கடந்தால் காடிப் புளிப்பு மேலோங்கத் தொடங்கும். அப்படியே விட்டால் முழுக் காடியாகும். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிவிட்டால் நுண்ணுயிர் தலையெடுக்காது; அப்பொழுது அதற்குப் பெயர் பதநீர். பிறப்பும் வளர்ப்பும் மூப்பும் ஒரே சூரியனின் கீழ் நடந்து முடிகிற பானம் இது. மருமகன் படித்துக் காட்டிய சீட்டை எந்தக் கள்ளுக் கலயத்தின்மேலும் ஒரு சொல் மாற்றாமல் ஒட்டலாம்.

தானியத்தை முளைகட்டி மது செய்யும் வித்தையும் நமக்கு அந்நியமன்று என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். சங்க காலத்தில் அதற்குத் தோப்பி என்று பெயர். அரிசிக் கூழை ஆற்றி, அதில் முளையைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிடும் முறை பெரும்பாணாற்றுப்படையில் கூறப்பட்டிருக்கிறது. ஹாப்ஸ் ஒன்றைத்தான் நம் முன்னோர் அறியவில்லை. பீர் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று எண்ணிக்கொண்டு அதை நாகரிகமென்றும், கள்ளை அநாகரிகமென்றும் சொல்கிற பட்டணத்து நண்பர்கள் இதைச் சற்றுக் கவனிப்பார்களாக.

நிற்க. எண்ணிப் பார்ப்பதும் வாயில் வைத்துப் பார்ப்பதும் வெவ்வேறு. நான் கள்ளைத் தொட்டவனல்லன். பன்னிரண்டு வயதில் என் தாயார் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஆகையால் அவரிடமே போய்க் கேட்டேன். "அம்மா, காலையில் மரத்திலிருந்து இறங்கின கள்ளை ஒருமுறை குடித்துப் பார்க்கலாமா?" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "குடி. குடித்துவிட்டு மத்தியானம் என் எதிரே வந்து உட்கார். நான் பார்க்கிறேன்" என்றார். வள்ளுவர் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்து, அதில் ஒரு குறளில் பெற்ற தாயின் முகத்தை நினைவுறுத்துகிறார். அந்தக் குறளை நான் பல ஆண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். அதைத் தேர்வாக எழுத நேர்ந்தது அன்றுதான்.

ஆற்றுக்கு அப்பால், உரிமம் பெற்றுத் தென்னையில் பாளை சீவுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். பரம்பரையாக மரமேறும் குடும்பம். தகப்பனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். எட்டு மரங்கள் அவர் கையில் இருக்கின்றன. காலையும் மாலையும் எட்டிலும் ஏறி இறங்குகிறார். நான் போய்ச் சேர்ந்தபோது காலை ஆறே முக்கால் இருக்கும். இரவு பெய்த மழையில் மரமெல்லாம் வழுக்கிக்கொண்டிருந்தது. "வாங்க வாத்தியாரே, நில்லுங்க, இதோ இறங்கிடறேன்" என்ற குரல் மட்டையினுள்ளிருந்து வந்தது.

அவருடைய தொழிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியே தீரவேண்டும். விரியாத பாளையை நாரினால் இறுகக் கட்டி, சிறு கட்டையொன்றினால் நாள்தோறும் மெல்லத் தட்டிக்கொண்டே வருகிறார். பலமாகத் தட்டினால் பாளை அழுகும். தட்டாவிட்டால் சாறு இறங்காது. ஏறக்குறைய இரண்டு வாரம் இப்படித் தட்டித் தட்டி, நுனியைச் சீவிச் சீவிப் பழக்கிய பிறகே பாளை சொட்டத் தொடங்கும். அதன்பின் ஒவ்வொரு வேளையும் ஒரு மெல்லிய சீவல். கத்தி சற்று ஆழமாகப் போனால் பாளை விரைவில் தீர்ந்துவிடும். மேலோட்டமாகப் போனால் வெட்டுவாய் அடைத்துக்கொள்ளும்.

இதை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொரு கத்தி நினைவுக்கு வந்தது. பால் வெட்டுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். பட்டையில் ஒரு மெல்லிய சீவல். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், கங்காணியிடம் வசவு. மேலாகப் போனால் பால் இல்லை. நம் ஜனங்களில் ஒரு கூட்டத்தார் மேலே ஏறிப் பாளையைச் சீவினார்கள். மற்றொரு கூட்டத்தார் கீழே நின்று பட்டையைச் சீவினார்கள். இருவர் கையும் ஒரே கை. கீழே சீவியது கப்பலேறிப் போயிற்று. மேலே சீவியது இங்கேயே, சீவியவர்களின் வயிற்றுக்குள் போயிற்று.

பெரியவர் கலயத்தைச் சாய்த்து, பன்னாடையில் வடித்து, ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் கொடுத்தார். மிதந்துகொண்டிருந்த இரண்டு தேனீக்களை விரலால் எடுத்துப் போட்டார். அரிசி கழுவிய நீரின் நிறம். மேலே மெல்லிய நுரை, கீழிருந்து ஊசிமுனைபோல் எழும்பி வருகிற குமிழிகள். வாசனையில் பாதி தென்னம்பூ, பாதி ஆப்ப மாவு. குடித்தேன். முதலில் இளநீரைவிட அழுத்தமான இனிப்பு. அது தொண்டைக்கு இறங்குமுன்னே நாக்கின் இரு பக்கத்திலும் ஒரு சுருக்கென்ற சுறுசுறுப்பு. கடைசியில், எதிர்பாராதபடி, சிறிதளவு உப்புக் கரிப்பும் பச்சை ஓலையின் வாடையும். முதல் வாயில் நான் அறிந்தது இவ்வளவே. இரண்டாம் வாயில், அந்த இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போவதை அறிந்தேன். மூன்றாவதில் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டுச் சும்மா குடித்தேன்.

அத்தகைய சந்தோஷத்தை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. மயக்கம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. மார்பில் சிறிது வெதுவெதுப்பு, அவ்வளவே. மழை விட்ட வெளிச்சம் ஓலைகளில் சொட்டிக்கொண்டிருந்தது. தூரத்தில் ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போயிற்று. பெரியவர் வறுத்த கச்சானை ஒரு தாளில் வைத்து என்பக்கம் தள்ளினார். நாங்கள் இருவரும் பேசவேயில்லை. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டு, அவன் கொடையையும் வீரத்தையும் விட்டுவிட்டு, அவனோடு பகிர்ந்துண்ட கள்ளிலிருந்து தொடங்குவது ஏன் என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டதுண்டு. அன்று நான் அவனுக்கு இலக்கணம் சொல்லி அனுப்பினேன். இன்று கேட்பானாயின் அவனை இந்தத் தென்னந்தோப்புக்கு அழைத்து வந்திருப்பேன். அவனுக்கு இப்பொழுது நாற்பது வயதாகிறது, தடையில்லை.

இரண்டு குவளையோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் பரிசோதனை செய்யும் ஆசையால் ஒரு புட்டியில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். "மூடியை இறுக்காதீங்க, வெடிச்சிடும்" என்று பெரியவர் எச்சரித்து அனுப்பினார். ஒன்பது மணிக்கு அதில் சிறிது எடுத்துச் சுவைத்தேன். இனிப்பு பாதியாகிவிட்டது, காரம் ஏறியிருந்தது. அந்த மருமகன் பீருக்கு மிக அருகில் நின்றது. பன்னிரண்டு மணிக்கு இனிப்பின் சுவடே இல்லை. மாலை ஐந்து மணிக்கு மூக்கருகே கொண்டுபோனபோதே நான் திடுக்கிட்டேன். அந்த வாடை எனக்குத் தெரிந்த வாடை. என் தகப்பனாருடைய சட்டையின் வாடை அது.

மத்தியானம் தாயார் எதிரே போய் உட்கார்ந்ததை இதற்கிடையில் சொல்ல மறந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். "கையை நீட்டு" என்றார். நீட்டினேன். "நடுங்கவில்லை" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். பிறகு, "எப்படியிருந்தது?" என்று கேட்டார். இனிப்பாக இருந்தது என்றேன். "இனிப்பா?" என்று அவர் திரும்பவும் கேட்ட குரலை என்னால் மறக்க முடியாது. முப்பது வருஷம் கள்ளோடு குடும்பம் நடத்திய அந்த அம்மைக்கு, கள் இனிக்கும் என்ற செய்தி அன்றுவரை எட்டவேயில்லை.

அதன்பின் அவர் சொன்ன கணக்கை அப்படியே எழுதுகிறேன். விடியுமுன் பெரட்டு. பிறகு மலைக்குப் போனால் பத்துப் பதினோரு மணி வரை வெட்டு. ரப்பர் மரத்தில் பால் ஓடுவது விடியற்காலையில்தான், வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். பிறகு பால் எடுப்பு, ஸ்டோரில் நிறுவை. வீடு திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடை அதற்குப் பிறகுதான் திறக்கும். அதாவது, தென்னையில் கள் இனிப்பாக இருக்கிற அந்த இரண்டு மணி நேரமும் தொழிலாளி ரப்பர் மரத்தடியில் நிற்கிறான். இரு மரங்களுக்கும் ஒரே முகூர்த்தம். அவன் வேலைக்காட்டிலிருந்து வருவதற்குள் கள் முற்றிக் கடுத்துப் புளித்துப்போயிருக்கும். இனிப்பை மரமேறி அறிவான், தேனீ அறியும். யாருக்காக அது இறக்கப்பட்டதோ அவன் அறியான். அவனுக்குக் கிடைத்தது கடுப்பும் வெறியும் மட்டுமே. ஆகவே அவன் அவற்றுக்காகவே குடிக்கப் பழகினான். காலைப்பொழுது தன் கையில் இல்லாதவனுக்குக் காலைக் கள் ஏது?

என் தகப்பனார் கெட்டவரல்லர். பாடத் தெரிந்தவர், கூத்தில் அர்ச்சுனன் வேஷம் கட்டினவர். சம்பள நாளன்று மட்டும் அவர் நேராக வீட்டுக்கு வந்ததில்லை. என் தாயார் இடுப்பில் என் தங்கையோடு கடையின் முள்வேலிக்கு வெளியே நின்று, அரிசிக்குக் காசு கேட்டுக் கைநீட்டியதை நான் பார்த்திருக்கிறேன். கடையில் ஊற்றிக் கொடுத்தவன் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பல தோட்டங்களில் கள்ளுக்கடையின் லாபம் தொழிலாளரின் நன்மைக்கென்று செலவிடப்பட்டது என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். உண்மையாயிருக்கலாம். பந்தடிக்கும் திடலும் திருவிழாப் பந்தலும் எங்களுக்கும் கிடைத்தன. அந்தப் பந்தலின் நிழல் என் தாயாருடைய அரிசிக் காசில் வந்தது.

ஆதலால் நம் முன்னோர் கள்ளுக்கடையை எதிர்த்தது முற்றிலும் நியாயமே. அதில் ஓர் அணுவளவும் நான் விட்டுக்கொடுக்கச் சம்மதியேன். 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது நாகம்மையாரும் கண்ணம்மாளும் தெருவில் வந்து நின்றார்கள். முள்வேலிக்கு வெளியே நிற்பதன் அர்த்தம் பெண்களுக்கன்றி வேறு யாருக்குத் தெரியும்? பெரியார் தமக்குச் சொந்தமான தோப்பில் 500 தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். அந்த மரங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கசிகிறது; ஆனால் பிறர் தோப்பை வெட்டச் சொல்லித் தம் தோப்பைக் காத்தவர்கள் நிறைந்த நாட்டில் அது சாதாரணக் காரியமன்று. அவர் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்தபோது அந்தச் செய்தியும் அவரோடு கப்பலேறி வந்திருக்கும். 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு வேண்டும், துரைமார் எதிரே சைக்கிளிலிருந்து இறங்கவேண்டுமென்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பவற்றோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. குடித்தவர்களே கடையை மூடச் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். அதற்குச் சர்க்கார் பட்டாளத்தை அனுப்பிப் பதில் சொல்லிற்று. யுத்தம் முடிந்தபின் கெடாவில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடை மறியலைக் கையில் எடுத்தது. 1947இல் பெடோங் பக்கத்தில் போலீசார் தடியெடுத்தனர். உயிர்ச்சேதமும் நேர்ந்தது.

இவர்கள் போராடியது கள்ளோடா? நான் நினைக்கிறவரையில், பிற்பகலில் திறக்கும் அந்தக் கதவோடு. கூலி கொடுத்த கையே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டோடு. தென்னை அதற்கு இடையில் அகப்பட்டுக்கொண்டது.

கதவு மூடின பிறகு நடந்ததையும் சொல்லாமல் விடலாகாது. தோட்டக் கள்ளுக்கடைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அந்த இடத்தில் தேநீர் வந்ததா? சம்சு வந்தது. கள்ளைப்போல் நாலைந்து பங்கு அன்று. பல மடங்கு கடுமையான, மலிவான, புட்டியில் அடைத்த வடிசாராயம். அதற்கு உயிரும் இல்லை, மூப்பும் இல்லை. எத்தனை நாள் கழித்துத் திறந்தாலும் அதே நெருப்பு. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலார் வெளிநாடுகளிலிருந்து கூலிக்கு வந்த ஏழைகள். ஒரு காலத்தில் நாம் இருந்த இடத்தில் இப்பொழுது இருப்பவர்கள். தாய்நாட்டிலோ விசித்திரம் இன்னும் அதிகம். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் கள் இறக்குவதும் விற்பதும் தடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் வடிசாராய வகைகளைச் சர்க்காரே டாஸ்மாக் என்ற பெயரில் கடை வைத்து விற்கிறது. மாநிலத்தின் மரம் பனை. அந்தப் பனையின் கள்ளை இறக்கினால் சிறை. எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போனால் அதே மரத்தின் அதே கள் சட்டப்படி விற்கப்படுகிறது. இதில் எது மதுவிலக்கு, எது வியாபாரம் என்று எனக்கு விளங்கவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டபோது, செத்தவர்கள் யாரும் கள் குடித்துச் சாகவில்லை.

இதைச் சொல்வதால், ஊர்தோறும் கள்ளுக்கடை திறக்கச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். குடியால் அழிந்த ஒரு வீட்டில் வளர்ந்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். குடிக்காதவர் குடிக்கத் தொடங்க வேண்டியதும் இல்லை. ஆனால், கையால் செய்த பீர் என்று சொல்லி வாரக் கூலியை விலையாகக் கொடுத்து வாங்கிவந்து, அதன் நுரையையும் நிறத்தையும் புகழ்கிற நம் படித்த பிள்ளைகள், ஆற்றுக்கு அப்பால் வழுக்குகிற மரத்தில் அறுபத்தெட்டு வயதில் ஏறி இறங்குகிற மனிதரை மரமேறி என்று இழிவாகப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். பட்டறையில் பீர் காய்ச்சுகிறவனுக்குக் கலைஞன் என்று பட்டம். பாளை சீவுகிறவனுக்குச் சாதிப் பெயர். கள்ளை வெறுத்த காரணத்தால் வந்த இழிவன்று இது. கள் புழங்காத இடங்களிலும் இது இருக்கிறது. நம் இயக்கத்தார் செய்ய வேண்டிய வேலை இன்னும் மிச்சம் இருப்பது இந்தப் பக்கத்தில்தான்.

பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவர் ஜொகூர் பாருவில் லாரி ஓட்டுகிறார். மற்றவர் கணினி வேலை பார்க்கிறார். இருவருக்கும் மரமேறத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்று அவரும் கட்டாயப்படுத்தவில்லை. "விழுந்தா யாரு பார்க்கிறது?" என்றார். பாளையைத் தட்டும் அந்தக் கட்டையை என் கையில் கொடுத்துத் தட்டிப் பார்க்கச் சொன்னார். தட்டினேன். "இல்லை, நீங்க கதவைத் தட்டுறீங்க. குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கிற மாதிரி தட்டணும்" என்றார். எத்தனை நாளில் அந்தக் கை வரும் என்று கேட்டதற்கு, தமக்கு இரண்டு வருஷம் ஆயிற்று என்றார்.

இப்பொழுது மாதத்தில் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் ஆற்றைக் கடந்து போகிறேன். இரண்டு குவளை, சில சமயம் ஒன்று. மருமகன் வந்திருந்தால் அவனையும் அழைத்துப் போவேன். முதல் தடவை அவன் குடித்துவிட்டு, தான் சிங்கப்பூரில் குடிக்கும் பீரை மறந்து நெடுநேரம் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இதைக் குளிரவைத்துப் புட்டியில் அடைத்து விற்றால் என்ன என்று தொடங்கினான். பெரியவர் காதில் வாங்காதவர்போல் அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

என் தாயார் குடிப்பதில்லை, நானும் கேட்பதில்லை. ஆனால் நான் புறப்படும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய இரவில் அவர் பச்சரிசி ஊறவைத்துவிடுவார். திரும்பி வரும்போது ஒரு சிறு புட்டியில் கள் கொண்டுவர வேண்டும் என்பது உத்தரவு. மாவை அரைத்து, அந்தக் கள்ளை ஊற்றிப் பிசறி, மூடிவைத்துவிடுகிறார். மாலையில் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஆப்பச் சட்டியில் ஊற்றினால் ஓரம் சரிகைபோலச் சிவக்கிறது, நடு பஞ்சாக எழும்புகிறது. தேங்காய்ப் பால் விட்டு எனக்கொன்று வைத்துவிட்டு, தமக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு, தாழ்வாரத்துப் படியில் போய் உட்கார்ந்து தின்கிறார்.